சீன் எங்கே, புரோகிராம் எங்கே: குமரி மாவட்ட வீடுகளுக்கான விளக்கு ஆட்டோமேஷன் வழிகாட்டி

பட்டனை அமுக்கினால் ஹாலில் உள்ள ஆறு விளக்கும் ஒன்றன்பின் ஒன்றாகத் தயங்கித் தயங்கி எரிகின்றன. பாத்ரூமுக்குள் ஆள் இருக்கும்போதே விளக்கு அணைகிறது. நடுராத்திரி போன கரண்ட் மூன்று மணிக்குத் திரும்பி வந்ததும் வீடு முழுக்க வெளிச்சமாகி எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். ஸ்மார்ட் சுவிட்ச் போட்ட வீடுகளில் கேட்கும் புகார்களில் பெரும்பகுதி இந்த மூன்றுக்குள் அடங்கும். வாங்கிய பொருள் மட்டம் என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. சீன் செய்ய வேண்டிய வேலையைப் புரோகிராமிடம் கொடுத்திருப்பார்கள், அல்லது புரோகிராம் யோசிக்க வேண்டிய இடத்தில் வெறும் சீனை வைத்திருப்பார்கள்.

இந்த வழிகாட்டி நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. சிட்டவுட், ஹால், அடுக்களை, ஒர்க் ஏரியா, மூன்று படுக்கையறை, கார் போர்ச், கேட், கிணற்றடி என்று இருக்கும் வீடு. பாதி விளக்குகள் இன்வெர்ட்டர் லைனில், மீதி நேர் லைனில். உதாரணங்கள் ஜிக்பீ என்ற கம்பியில்லாத் தொடர்பில் பேசும் பொருட்களையும், அவற்றை நிர்வகிக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளையும் வைத்து வருகின்றன. வேறு அமைப்பு வைத்திருப்பவர்களுக்கும் முடிவெடுக்கும் முறை இதேதான்.

இரண்டும் உள்ளே எப்படி வேலை செய்கின்றன

சீன் என்பது ஒரு நிலை. "டிவி பார்க்கும்போது ஹால் பேனல் 20 சதவீதம், சுவர் விளக்கு 40, டைனிங் அணைவு" என்று முன்கூட்டியே எழுதி வைத்த பட்டியல். அதற்கு நேரம் தெரியாது, வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று தெரியாது, காத்திருக்கவும் தெரியாது. கூப்பிட்டால் அந்த நிலைக்குப் போகும், அவ்வளவுதான்.

புரோகிராம் என்பது ஒரு முடிவு. ஏதோ ஒன்று நடக்கிறது, சில நிபந்தனைகளைப் பார்க்கிறது, பிறகு செயல்படுகிறது. ஹோம் அசிஸ்டென்ட்டில் இதன் பெயர் ஆட்டோமேஷன். கூகுள் ஹோமில் ரொட்டீன் அல்லது ஆட்டோமேஷன். ஸ்மார்ட் லைஃப் ஆப்பில் "டேப் டு ரன்" சீனுக்கு நெருக்கமானது, "ஆட்டோமேஷன்" புரோகிராம்.

சீன் எங்கே சேமிக்கப்படுகிறது என்பதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையான சீன் விளக்குக்குள்ளேயே இருக்கும். ஜிக்பீயில் விளக்குகளை ஒரு குரூப்பில் சேர்த்து, ஒவ்வொரு விளக்கிலும் சீன் எண்ணையும் அதற்குரிய வெளிச்ச அளவையும் பதிய வைக்கிறோம். "குரூப் 3, சீன் 2" என்று ஒரே செய்தி காற்றில் போகிறது. எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் கேட்டு ஒரே நேரத்தில் மாறுகின்றன. கேஎன்எக்ஸ் கம்பி அமைப்பில் 1 முதல் 64 வரை சீன் எண்கள் இதே தத்துவத்தில் இயங்குகின்றன. பிலிப்ஸ் ஹியூ பிரிட்ஜும் சீன்களை பல்புகளுக்குள்ளேயே பதிகிறது.

ஹோம் அசிஸ்டென்ட்டின் மெனுவில் "சீன்" என்று இருப்பது அப்படியல்ல. அந்தப் பட்டியல் ஹப்பில்தான், அதாவது அந்த மென்பொருள் ஓடும் சிறு கணினியில்தான் இருக்கிறது. கூப்பிட்டதும் ஹப் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாகக் கட்டளை அனுப்பும். இரண்டு மூன்று விளக்கு என்றால் வித்தியாசம் தெரியாது. எட்டு விளக்கு என்றால் சோளப்பொரி பொரிவதுபோல ஒவ்வொன்றாக எரியும். ஹப் நின்றுபோனால் சீனும் நின்றுபோகும்.

விளக்குக்குள் பதிந்த சீனுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதற்கு வெளியுலகில் ஒரு நல்ல சான்று உண்டு. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் திடீரென்று நின்றன. ஆப் பயனற்றுப்போனது. ஆனால் சுவிட்சுக்கும் விளக்குக்கும் இடையே நேரடியாக இணைக்கப்பட்டிருந்த சீன்கள் தொடர்ந்து வேலை செய்தன, ஏனென்றால் அவற்றுக்கு சர்வர் தேவைப்படவே இல்லை.

எதற்கு எது: நான்கு கேள்விகள்

ஒவ்வொரு விளக்குக்கும், ஒவ்வொரு பட்டனுக்கும் இந்த வரிசையில் கேளுங்கள்.

1. ஒரு மனிதர் கையால் அமுக்கி உடனே பலனை எதிர்பார்க்கிறாரா? ஆம் என்றால் சீன். அரை விநாடி தாமதித்தாலே மறுபடி அமுக்குவார்கள். இரண்டாவது அமுக்கு முதலாவதை ரத்து செய்யும்.

2. நேரம், சூரியன், மழை இருட்டு, ஆள் நடமாட்டம் ஆகியவற்றில் ஏதாவது முடிவைத் தீர்மானிக்கிறதா? ஆம் என்றால் புரோகிராம்.

3. "இத்தனை நிமிடம் கழித்து" என்ற சொல் வருகிறதா? புரோகிராம். சீனுக்குக் காத்திருக்கத் தெரியாது.

4. ஹப் செத்துக் கிடந்தாலும் இது வேலை செய்தே ஆக வேண்டுமா? ஆம் என்றால் சீன் அல்லது நேரடி இணைப்பு. புரோகிராமை மட்டும் நம்பக் கூடாது.

சீனுக்கும் புரோகிராமுக்கும் ஆம் வந்தால் இரண்டையும் வையுங்கள்: புரோகிராம் முடிவெடுக்கட்டும், ஆனால் தனித்தனி விளக்குகளைத் தொடாமல் சீனை மட்டும் கூப்பிடட்டும். இந்த ஒரு கட்டுப்பாடு பின்னாளில் நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும். சிட்டவுட்டில் புது விளக்கு போட்டால் சீனில் ஒருமுறை சேர்த்தால் போதும். ஐந்து புரோகிராமைத் திறந்து திருத்த வேண்டியதில்லை.

குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் வெட்டுக்குப் போகிறவர் விடியும் முன்னே எழுந்திருக்கிறார். அவருக்காக அதிகாலை 3.30 மணிக்கு அடுக்களை, ஒர்க் ஏரியா, பின்வாசல் விளக்குகள் தானாக எரியும்படி புரோகிராம் போடலாம் என்று தோன்றும். மழை பெய்தால் வெட்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகும் வீட்டில் அன்றைக்கும் வெட்டு இருக்காது. ஒவ்வொரு விதிவிலக்கையும் புரோகிராமில் எழுதிக்கொண்டே போனால் முடிவே இருக்காது, அப்படியும் அது தவறும். அவருடைய கட்டிலருகே ஒரு பட்டன், அதில் "வெட்டுக்கு" என்று ஒரு சீன்: அடுக்களை முழு வெளிச்சம், நடைபாதை 10 சதவீதம், மற்ற அறைகளைத் தொடாதே. கடலுக்குப் போகிறவர்கள் இருக்கும் முட்டம், குளச்சல் வீடுகளுக்கும் இதே ஏற்பாடுதான் சரி. எப்போது என்பதை மனிதர் தீர்மானிக்கும் காரியத்தில் புரோகிராம் நுழையக் கூடாது.

கேட் விளக்கு நேர் எதிர். அது எரிய வேண்டியது இருட்டும்போது. யாரும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது முழுக்கப் புரோகிராமின் வேலை.

வாங்குவதற்கு முன்: ஒரு நோட்டும் ஒரு டெஸ்டரும்

சாயங்காலம் விளக்கு போடும் நேரத்தில் வீட்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு விளக்குக்கும் எழுதுங்கள்: எந்த போர்டில் சுவிட்ச், இன்வெர்ட்டர் லைனா நேர் லைனா, சுவிட்ச் பாக்ஸில் நியூட்ரல் இருக்கிறதா, பாக்ஸ் இரும்பா பிளாஸ்டிக்கா, டிம் ஆகும் விளக்கா.

பழைய வீடுகளில் சுவிட்ச் பாக்ஸுக்கு நியூட்ரல் வந்திருக்காது. ஃபேஸ் மட்டும் வந்து போகும். சுவிட்சுக்குப் பின்னால் வைக்கும் ஸ்மார்ட் மாட்யூல்களில் நியூட்ரல் தேவைப்படாதவையும் கிடைக்கின்றன. அவை விளக்கு வழியாகவே சிறிது மின்சாரம் எடுத்துக்கொள்வதால் 5, 7 வாட் எல்இடி பல்புகள் அணைத்த பிறகும் மங்கலாக மினுங்கும். அப்போது விளக்கின் முனையில் பைபாஸ் கெப்பாசிட்டர் போட வேண்டும். முடிந்தால் நியூட்ரல் இழுத்துவிடுவதே நிரந்தரத் தீர்வு.

நியூட்ரலை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதிலும் கவனம் தேவை. பக்கத்து பிளக் பாயிண்டில் இருக்கிறதே என்று அதிலிருந்து எடுத்தால், அது வேறு ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) வழியாக வரும் நியூட்ரலாக இருக்கலாம். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் வெவ்வேறு வழியாகப் போனால் ஆர்சிசிபி காரணமில்லாமல் ட்ரிப் ஆகும். இன்வெர்ட்டர் லைன் விளக்குக்கு நேர் லைனின் நியூட்ரலை எடுக்கும்போது இது அடிக்கடி நடக்கிறது. எலக்ட்ரீஷியனிடம் "அதே சர்க்யூட் நியூட்ரல்" என்று சொல்லிக் கேளுங்கள்.

ஸ்மார்ட் பல்பா, சுவிட்சுக்குப் பின்னால் வைக்கும் ரிலே மாட்யூலா? வண்ணமும் வெளிச்சமும் மாற வேண்டிய ஹால், படுக்கையறை விளக்குகள் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் மாட்யூல்தான் நல்லது. வீட்டில் பெரியவர்கள் சுவர் சுவிட்சைத்தான் அணைப்பார்கள். சுவிட்சை அணைத்தால் ஸ்மார்ட் பல்புக்கு உயிரே போய்விடும். எந்த சீனும் அதை எழுப்பாது. மாட்யூலுக்கு அந்தக் கவலை இல்லை, பழைய சுவிட்ச் பழையபடியே இயங்கும்.

வெளிநாட்டிலிருந்து பொருள் வாங்கிவரச் சொல்பவர்களுக்கு: ஜிக்பீ 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால் துபாயில் வாங்கியதும் இங்கே வேலை செய்யும். இன்னொரு கம்பியில்லா முறையான இசட்-வேவ் அப்படியல்ல. அமீரகத்தில் 868 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 908, இந்தியாவில் 865. அலைவரிசை வேறென்றால் இங்குள்ள ஹப்போடு அது பேசவே பேசாது.

மாட்யூல் பொருத்தும்போது

எம்சிபி, இன்வெர்ட்டர் இரண்டையும் அணைக்க வேண்டும். மெயினை மட்டும் அணைத்துவிட்டு இன்வெர்ட்டர் லைன் போர்டைத் திறந்தால் உள்ளே 230 வோல்ட் உயிரோடு இருக்கும். டெஸ்டர் வைத்து ஒவ்வொரு கம்பியையும் பார்த்த பிறகே கை வையுங்கள். இதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்வதே முறை.

எஸ்1, எஸ்2 என்ற சுவிட்ச் முனைகள் சில மாட்யூல்களில் வெறும் தொடுமுனைகள். அங்கே ஃபேஸ் கொடுத்தால் மாட்யூல் அந்தக் கணமே எரிந்துவிடும். வேறு சில மாட்யூல்களில் ஃபேஸ் கொடுத்தால்தான் வேலை செய்யும். பெட்டியில் உள்ள படத்தைப் பார்க்காமல் முந்தைய மாட்யூலின் நினைவில் இணைக்காதீர்கள். படிக்கட்டில் இரண்டு இடத்திலிருந்து போடும் டூ-வே சுவிட்ச் இருந்தால், மாட்யூலின் சுவிட்ச் வகையை "எட்ஜ்" என்று மாற்றுங்கள். எந்தப் பக்கம் தட்டினாலும் நிலை மாறும்.

பாக்ஸ் இரும்பு என்றால் சிக்னல் உள்ளேயே அடங்கிவிடும். அந்த இடத்தில் மாட்யூலை விளக்கின் பக்கம், சீலிங் ரோஸ் அல்லது ஃபால்ஸ் சீலிங்குக்குள் வைக்கலாம். எல்இடி பேனல்களின் டிரைவர்கள் எரியும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். 10 ஆம்பியர் ரிலேயில் பத்துப் பேனலை ஒன்றாகப் போட்டால் கணக்குக்குச் சரியாக இருந்தாலும் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும்; சீன் "அணை" என்று சொல்லும், ஆப்பும் அணைந்ததாகக் காட்டும், விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பேனல்களை இரண்டு மூன்று சேனலாகப் பிரித்துவிடுங்கள்.

ஜிக்பீ ஹப்பின் யுஎஸ்பி டாங்கிளை ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயரில் தள்ளி வையுங்கள். யுஎஸ்பி 3 போர்ட்டின் இரைச்சல் ஜிக்பீயைக் கெடுக்கும். வைஃபை ரூட்டரை "ஆட்டோ" சேனலில் விடாமல் 1 அல்லது 6-இல் நிறுத்தி, ஜிக்பீயை 25-இல் வையுங்கள். சேனலை எல்லாப் பொருளையும் இணைக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும், பிறகு மாற்றினால் சிலவற்றை மறுபடி இணைக்க வேண்டிவரும்.

சீன்களை அமைப்பது

ஆறு ஏழு சீனுக்கு மேல் எந்த வீட்டுக்கும் வேண்டாம். அதற்கு மேல் போனால் எந்தப் பட்டன் எது என்று யாருக்கும் நினைவிருக்காது. தொடக்கத்துக்கு இவை போதும்:

சாயங்காலம்: ஹால் 70, சிட்டவுட் முழு வெளிச்சம், டைனிங் 40.
டிவி: ஹால் பேனல் 20, சுவர் விளக்கு 40, மாறும் நேரம் 2 விநாடி.
படுக்கை: எல்லாம் அணைவு, நடைபாதை மட்டும் 5.
ராத்திரி நடை: நடைபாதையும் பாத்ரூமும் 10, மஞ்சள் வெளிச்சம் 2700 கெல்வின்.
வெளியே எல்லாம்: கேட், போர்ச், கிணற்றடி, பின்வாசல், மாடி விளக்கு, அனைத்தும் முழு வெளிச்சம், மாறும் நேரம் பூஜ்யம்.

கடைசி சீன் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வயதானவர்கள் மட்டும் தனியாக இருக்கும் வீடுகள் இங்கே அதிகம். ராத்திரி நாய் குரைத்தால், வெளியே சத்தம் கேட்டால், கட்டிலை விட்டு இறங்காமல் ஒரே அமுக்கில் வீட்டைச் சுற்றி வெளிச்சம் வர வேண்டும். இணையம், ஹப், ஆப் எதையும் நம்பாமல் அது நடக்க வேண்டும். ஆகவே அந்தப் பட்டனை நேரடியாகக் குரூப்போடு இணையுங்கள்.

ஜிக்பீ பொருட்களை ஹோம் அசிஸ்டென்ட்டோடு இணைக்கும் ஜிக்பீ2எம்க்யூடிடி மென்பொருளில் செய்யும் முறை:

1. குரூப்ஸ் பக்கத்தில் புதிய குரூப் உருவாக்கி "வெளி விளக்குகள்" என்று பெயரிடுங்கள்.
2. மாட்யூல்களைச் சேருங்கள். மூன்று சேனல் மாட்யூலில் ஒவ்வொரு சேனலும் தனி எண்ட்பாயிண்ட். கேட் விளக்கு இரண்டாவது சேனல் என்றால் அந்த எண்ட்பாயிண்ட்டை மட்டும் சேர்க்க வேண்டும். கவனிக்காமல் சேர்த்தால் பட்டனை அமுக்கியதும் அடுக்களை எக்ஸாஸ்ட் ஃபேனும் சேர்ந்து ஓடும். சில மலிவான மாட்யூல்கள் எண்ட்பாயிண்ட் வாரியாகக் குரூப்பை ஏற்காது. ஒன்றை வாங்கிச் சோதித்த பிறகு மீதியை வாங்குங்கள்.
3. டிம் ஆகும் விளக்குகளுக்கு: ஒவ்வொன்றையும் வேண்டிய அளவுக்கு வைத்துவிட்டு, குரூப்பின் சீன் பகுதியில் எண்ணும் பெயரும் கொடுத்துச் சேமியுங்கள். எரிவது, அணைவது மட்டும் உள்ள மாட்யூல்களுக்குச் சீன் எண் தேவையில்லை, குரூப் கட்டளையே போதும்.
4. பட்டனின் பக்கத்தில் பைண்ட் (நேரடி இணைப்பு) பகுதிக்குப் போய், இலக்காகக் குரூப்பைத் தேர்ந்து, ஆன்-ஆஃப் கிளஸ்டரை இணையுங்கள். பேட்டரி பட்டன் தூங்கிக்கொண்டிருக்கும். பைண்ட் கொடுக்கும் முன் அதை ஒருமுறை அமுக்கி எழுப்பாவிட்டால் "தோல்வி" என்று வரும்.
5. நேரடியாகப் பைண்ட் செய்த பிறகு டாஷ்போர்டில் விளக்கு அணைந்தே இருப்பதாகக் காட்டலாம், ஏனெனில் ஹப் வழியாக எதுவும் போகவில்லை. ரிப்போர்ட்டிங் பகுதியில் ஆன்-ஆஃப் நிலையை அறிவிக்கும்படி அமைத்தால் சரியாகும்.

எரிய ஒரு பட்டன், அணைய ஒரு பட்டன் என்று தனித்தனியாக வையுங்கள். ஒரே பட்டனில் மாற்றி மாற்றி வைக்கும் "டாகிள்" குரூப்புக்கு ஆகாது: ஐந்து விளக்கில் ஒன்று ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால், அமுக்கியதும் நான்கு எரியும், அந்த ஒன்று அணையும். அவசரத்தில் அமுக்குபவருக்கு இது பெரிய குழப்பம்.

குரூப் கட்டளைகளைத் தாறுமாறாக அனுப்பவும் கூடாது. ஒவ்வொரு குரூப் செய்தியையும் வலையில் உள்ள எல்லா மாட்யூலும் திரும்ப ஒலிபரப்புகின்றன. சில விநாடிகளுக்குள் எட்டு ஒன்பது குரூப் செய்திகள் போனால் வலை திணறும், அடுத்த கட்டளை தொலையும். ஒரு புரோகிராம் ஐந்து குரூப்பை வரிசையாக அழைக்கிறது என்றால், அந்த ஐந்தையும் உள்ளடக்கிய ஒரே குரூப் உருவாக்க வேண்டிய நேரம் அது.

புரோகிராம் 1: கேட் விளக்கு

கடிகார நேரத்தை வைக்காதீர்கள். நாகர்கோவிலில் சூரியன் மறையும் நேரம் நவம்பர் நடுவில் 6 மணிக்குச் சற்று முன், ஜூலையில் 6.40-ஐ ஒட்டி. முக்கால் மணி நேர வித்தியாசம். ஹோம் அசிஸ்டென்ட்டின் அமைப்பில் வீட்டின் இடத்தைச் சரியாகக் கொடுங்கள் (நாகர்கோவிலுக்கு அட்சரேகை 8.18, தீர்க்கரேகை 77.41), சூரியக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும்.

நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் சூரியன் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்குகிறது. அதனால் அந்தி மிகக் குறுகியது. மறைந்த இருபது, இருபத்திரண்டு நிமிடத்தில் நன்றாக இருட்டிவிடும். வட நாட்டு, ஐரோப்பியக் குறிப்புகளில் "சூரியன் மறைந்து அரை மணி கழித்து" என்று இருப்பதை அப்படியே எடுத்தால் கேட்டில் பத்து நிமிடம் இருட்டு. சூரிய உயரம் மைனஸ் 2 அல்லது மைனஸ் 3 டிகிரியை (சூரியன் அடிவானத்துக்கு 2, 3 டிகிரி கீழே இருப்பதை) தூண்டுதலாக வையுங்கள்.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு என்று இரண்டு மழைக்காலமும் நனைக்கும் மாவட்டம் இது. மழை இருட்டில் நான்கு மணிக்கே விளக்கு வேண்டியிருக்கும். அதற்கு வெளிச்சத்தை அளக்கும் ஒரு லக்ஸ் சென்சார் சேருங்கள். 40 லக்ஸுக்குக் கீழே தொடர்ந்து 5 நிமிடம் இருந்தால் "சாயங்காலம்" சீன். 150 லக்ஸுக்கு மேலே தொடர்ந்து 15 நிமிடம் இருந்தால் அணை. இரண்டு எல்லைக்கும் இடையே பெரிய இடைவெளி இல்லாவிட்டால் மேகம் வந்து போகும்போதெல்லாம் விளக்கு எரிந்து எரிந்து அணையும். எண்களை உங்கள் சிட்டவுட்டுக்கு ஏற்ப ஒரு வாரம் பார்த்துத் திருத்துங்கள். தான் எரிக்கும் விளக்கின் வெளிச்சம் சென்சாரில் விழக் கூடாது. விழுந்தால், எரிந்ததும் "வெளிச்சம் வந்துவிட்டது" என்று அணைத்து, அணைந்ததும் மறுபடி எரிக்கும்.

கடற்கரை ஊர்களில் வெளியே வைக்கும் சென்சாரின் முனைகள் உப்புக்காற்றில் பச்சை பூக்கும். மாட்யூலை வீட்டுக்குள் வைத்து, வெளியே விளக்கை மட்டும் தூசியும் மழைநீரும் புகாத ஐபி65 உறையோடு விடுங்கள். லக்ஸ் சென்சாரை ஜன்னலின் உட்பக்கம் வெளியே பார்க்க ஒட்டினால் போதும்.

புரோகிராம் 2: நடைபாதை, பாத்ரூம்

ஆள் நடமாட்டம் தெரிந்ததும் எரிய, ஆள் போன பிறகு அணைய வேண்டும். எழுதும் முறை:

தூண்டுதல்: நடமாட்ட சென்சார் "ஆள் உண்டு" என்று மாறுதல்.
நிபந்தனை: இரவு 10 முதல் காலை 5 வரை.
செயல்: "ராத்திரி நடை" சீன், சென்சார் "ஆள் இல்லை" என்று மாறக் காத்திரு, பிறகு 3 நிமிடம் காத்திரு, அணை.
இயங்கும் முறை: ரீஸ்டார்ட்.

கடைசி வரியை விட்டுவிட்டால் ஹோம் அசிஸ்டென்ட் "சிங்கிள்" முறையை எடுத்துக்கொள்ளும். முதல் 3 நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது ஆள் மறுபடி வந்தாலும் அதைப் பொருட்படுத்தாது, உள்ளே ஆள் இருக்கும்போதே அணைத்துவிடும். ரீஸ்டார்ட் என்றால் ஒவ்வொரு அசைவும் கணக்கை முதலிலிருந்து தொடங்கவைக்கும்.

அடுத்த தகராறு: யாரோ சுவரில் தட்டி எரிய வைத்த விளக்கைப் புரோகிராம் வந்து அணைப்பது. இதற்கு "புரோகிராம் எரித்தது" என்று ஒரு டாகிள் ஹெல்பர் (மென்பொருளுக்குள் மட்டும் இருக்கும் ஆன்-ஆஃப் சுவிட்ச்) உருவாக்குங்கள். நிபந்தனையில் இன்னொரு வரி: விளக்கு அணைந்திருக்க வேண்டும், அல்லது இந்த ஹெல்பர் ஏற்கெனவே ஆன் ஆக இருக்க வேண்டும். புரோகிராம் சீனைக் கூப்பிடும்போது ஹெல்பரை ஆன் செய்யட்டும். அது ஆன் ஆக இருந்தால் மட்டும் அணைக்கட்டும், அணைத்ததும் ஹெல்பரை ஆஃப் செய்யட்டும். கையால் போட்ட விளக்கு கையால் அணையும் வரை எரியும். அதேபோல, "விளக்கு எரிந்தால்" என்பதைத் தூண்டுதலாக வைக்காதீர்கள். பட்டனின் அமுக்கையோ சென்சாரையோ வையுங்கள். விளக்கின் நிலையைப் பார்த்து இயங்கும் இரண்டு புரோகிராம்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு நிற்காமல் சுற்றும்.

சென்சார் வகையும் முக்கியம். பிஐஆர் சென்சார் உடம்புச் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிறது. சித்திரை வெயிலில் அறை 34, 35 டிகிரியில் கிடக்கும்போது அந்த வித்தியாசம் சுருங்கி, ஆள் வந்தாலும் தெரியாமல் போகும். எம்எம்வேவ் ரேடார் சென்சார் அசையாமல் உட்கார்ந்திருப்பவரையும் கண்டுபிடிக்கும், ஆனால் சீலிங் ஃபேனையும் ஆள் என்று எண்ணும். ஜன்னல் திரை ஆடினாலும் அப்படியே. ஃபேன் இருக்கும் அறையில் ரேடாரைச் சுவரில், ஃபேன் பார்வையில் படாத கோணத்தில் வைத்து, தூர எல்லையைக் குறையுங்கள். நடைபாதைக்கும் பாத்ரூமுக்கும் பிஐஆரே போதும்.

புரோகிராம் 3: கரண்ட் போனால், வந்தால்

இது நம் ஊருக்கே உரிய பகுதி, வெளிநாட்டு வழிகாட்டிகளில் கிடைக்காது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உண்டு. ஐப்பசி மாலைகளில் இடியோடு போகும் கரண்ட் உண்டு.

முதலில் ஒவ்வொரு மாட்யூலிலும் பல்பிலும் "பவர் ஆன் பிஹேவியர்" என்ற அமைப்பைத் திறந்து "முந்தைய நிலை" அல்லது "அணைவு" என்று மாற்றுங்கள். பல பல்புகள் கடையிலிருந்து வரும்போது "எரிவு" என்ற நிலையில் இருக்கும். மூன்று மணிக்கு வீடு முழுக்க எரிவதற்குக் காரணம் அதுதான்; எந்தப் புரோகிராமும் அதைத் தடுக்காது, ஏனெனில் கரண்ட் வந்த அந்த விநாடியில் ஹப் இன்னும் விழித்திருக்காது.

அடுத்தது வலை. பேட்டரியில் அல்லாமல் லைன் மின்சாரத்தில் ஓடும் மாட்யூல்கள்தான் ஜிக்பீ செய்தியை முன்னும் பின்னும் கடத்துகின்றன. கரண்ட் போனதும் அவற்றில் நேர் லைனில் உள்ளவை எல்லாம் ஒரே நேரத்தில் இறக்கின்றன. இன்வெர்ட்டர் லைனில் விளக்கு எரிய மின்சாரம் இருந்தும், செய்தி போய்ச் சேர வழியில்லாமல் பட்டன் வேலை செய்யாது. ஆகவே ஹப், வைஃபை ரூட்டர், ஹாலில் ஒரு மாட்யூல், படிக்கட்டில் ஒரு மாட்யூல், பின்பக்கம் ஒன்று ஆகியவை இன்வெர்ட்டர் லைனில் இருக்குமாறு திட்டமிடுங்கள். இரண்டு தளத்துக்கும் நடுவே கான்கிரீட் இருப்பதால் படிக்கட்டு மாட்யூலைத் தவிர்க்கவே கூடாது.

இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தச் சில மில்லி விநாடிகளில் ஹப் ரீபூட் ஆனால் இன்வெர்ட்டரை "யுபிஎஸ்" முறைக்கு மாற்றுங்கள். அப்படியும் ஆனால் ரூட்டருக்கான சின்ன டிசி யுபிஎஸ் ஒன்றை ஹப்புக்குப் போடுங்கள்.

கரண்ட் போனதைப் புரோகிராமுக்குச் சொல்ல, நேர் லைன் பிளக்கில் ஒரு 5 வோல்ட் மொபைல் சார்ஜர், அதன் வெளியீட்டை ஆப்டோகப்ளர் (இரண்டு சர்க்யூட்டையும் பிரித்து வைத்து ஒளி மூலம் சிக்னலைக் கடத்தும் சிறு பாகம்) வழியாக ஒரு இஎஸ்பி போர்டின் (சின்ன வைஃபை கன்ட்ரோலர்) உள்ளீட்டு முனைக்குக் கொடுத்தால் போதும். இஎஸ்பி போர்டு இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். நேர் லைன் மாட்யூல் "கிடைக்கவில்லை" என்று ஆவதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். ஹப் அதை உணரப் பல நிமிடம் ஆகும். புரோகிராம்: 10 விநாடி கரண்ட் இல்லை, சூரியன் கீழே, என்றால் "கரண்ட் இல்லை" சீன். அதில் ஹாலில் ஒரு விளக்கு, அடுக்களையில் ஒன்று, நடைபாதை 10 சதவீதம். பேட்டரி ராத்திரி முழுக்க நிற்கும்.

ஹப் ரீஸ்டார்ட் ஆனால், ஓடிக்கொண்டிருந்த "5 நிமிடம் காத்திரு" எல்லாம் மறந்துபோகும். இருட்டில் எரிந்த கேட் விளக்கு பகல் முழுக்க எரிந்துகொண்டிருப்பதும், சூரியன் மறைந்த நேரத்தில் ஹப் அணைந்திருந்ததால் எரியாமலே விடுவதும் இதனால்தான். ஒரு சிறிய புரோகிராம் சேருங்கள்: ஹோம் அசிஸ்டென்ட் தொடங்கியதும் ஒரு நிமிடம் காத்திரு, சூரியன் மைனஸ் 3 டிகிரிக்குக் கீழே என்றால் வெளி விளக்கு சீன், இல்லையென்றால் அணை. நீண்ட காத்திருப்புகளுக்கு டைமர் ஹெல்பரைப் பயன்படுத்தி "ரீஸ்டோர்" தேர்வை இயக்குங்கள்.

இடிக்கு மென்பொருள் மருந்து கிடையாது. டிஸ்ட்ரிபியூஷன் போர்டில் டைப் 2 சர்ஜ் அரெஸ்டரும் (திடீரென எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் கருவி) நல்ல எர்த்தும் வேண்டும். எர்த் சரியில்லாத வீட்டில் அரெஸ்டர் வெறும் அலங்காரம்.

டிசம்பர் நட்சத்திரம்

கிறிஸ்துமஸ் ஸ்டாரும் குடிலின் சீரியல் விளக்கும் ஒரு மாதத்துக்கு மட்டும். அவற்றை நிரந்தர சீன்களுக்குள் நுழைக்காதீர்கள். ஜனவரியில் பிடுங்கி எடுக்கும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகும். ஒரு ஸ்மார்ட் பிளக், அதற்கென்று தனிப் புரோகிராம், தேதி நிபந்தனை டிசம்பர் 1 முதல் ஜனவரி 6 வரை, சூரியன் மறைந்ததும் எரிந்து இரவு 11-க்கு அணைய. நவம்பர் இறுதியில் பிளக்கை மறுபடி குத்தினால் போதும். கார்த்திகைக்குத் தொடர்விளக்கு போடும் வீட்டிலும் இதே பிளக் உதவும். தேதி வருடாவருடம் மாறுவதால் அங்கே தேதி நிபந்தனையை விட்டுவிட்டு ஒரு ஹெல்பர் சுவிட்ச் வையுங்கள்.

ஒப்படைக்கும் முன் மூன்று சோதனை

ஹப்பின் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவர் சுவிட்சுகளும் "வெளியே எல்லாம்" பட்டனும் வேலை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அந்தப் பட்டன் புரோகிராம் வழியாகப் போகிறது என்று பொருள். மறுபடி பைண்ட் செய்யுங்கள்.

ஹப்பை இணைத்துவிட்டு இணையக் கேபிளைப் பிடுங்குங்கள். மூன்று புரோகிராமும் இயங்க வேண்டும். ஏதாவது நின்றால் அந்தப் பொருள் கிளவுட் வழியாகப் பேசுகிறது. அதை மாற்றுங்கள், அல்லது அதற்கு முக்கியமில்லாத வேலையை மட்டும் கொடுங்கள்.

கடைசியாக ராத்திரி எட்டு மணிக்கு மெயினை அணைத்து, பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். போனபோது "கரண்ட் இல்லை" சீன் வர வேண்டும். பட்டன்கள் இயங்க வேண்டும். திரும்பி வந்தபோது அணைந்திருந்த எந்த விளக்கும் தானாக எரியக் கூடாது. எரிந்த விளக்கின் பெயரைக் குறித்துக்கொண்டு அதன் பவர் ஆன் அமைப்பை மட்டும் திருத்தினால் போதும். எல்லாம் சரியானதும் ஹப்பின் பேக்கப் ஒன்றை எடுத்து பென்டிரைவில் வைத்து, எந்தப் பட்டன் எந்த சீன் என்ற தாளை போர்டு மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.